தரையில் நிற்காத லொறிகள்

2023 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் ராமச்சந்திரன் ஓட்டிவந்த லொறி புரண்டது. பின்னால் பன்னிரண்டு பீப்பாய் இறப்பர் பால். பீப்பாய்களுக்கு மேலேயும் இடுக்கிலேயும் பால் வெட்டும் பெண்கள் எட்டுப் பேர்.

மேல் டிவிசனிலிருந்து பால் சேர்க்கும் ஸ்டோருக்கு இறங்கும் பாதையின் மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தார். பெடல் தொளதொளவென்று இறங்கித் தட்டில் முட்டியது. இன்னொரு முறை மிதித்தார். கியரைக் குறைக்கப் பார்த்தார், விழவில்லை. இடப் பக்கம் பள்ளம், அதன் அடியில் பாறையும் ஓடையும். வலப் பக்கம் மண்மேடு. வலப் பக்கம் ஒடித்தார். முன் சில்லு மேட்டில் ஏறியது, லொறி சரிந்து பாதையிலேயே இடப் பக்கமாக விழுந்தது.

ஏழு பேர் தூக்கி எறியப்பட்டார்கள். கை முறிந்தது, மண்டை உடைந்தது, உயிர் தப்பியது. சுப்பம்மா மட்டும் பீப்பாய்களுக்கு அடியில் போய்விட்டாள். ராமச்சந்திரன் உடைந்த கண்ணாடி வழியாக ஊர்ந்து வெளியே வந்தபோது பாதை முழுக்க வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் அது இளஞ்சிவப்பாக இருந்தது. அவர் அந்த இடத்துக்குப் போய்த் தோளைக் கொடுத்து பீப்பாயைத் தள்ளினார். சுப்பம்மாவின் நெஞ்சு தட்டையாகக் கிடந்தது. வாயில் இரத்தமும் பாலும்.

மழை தூறத் தொடங்கியது. லயத்து வீடுகளிலிருந்தும் மலையிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். தோட்டத்து வெளி வேலைகளுக்குப் பொறுப்பான கண்டாக்கையாவும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்று விடிகாலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்து ராமச்சந்திரன் அவரிடம்தான் சொல்லியிருந்தார்: "ஐயா, பிரேக் எண்ணெ கசியுது. இன்னைக்கி வேணாங்க." உதிரிப்பாகம் கேட்டு மூன்று வாரம் ஆகிறது, வரும்போதுதான் வரும், மெதுவாக ஓட்டு என்று அவர் பதில் சொல்லியிருந்தார்.

இப்போது அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது வேறு.

"தண்ணியப் போட்டுட்டு ஓட்டியிருக்கான்."

சுப்பம்மாவின் மகன் சசிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. புல் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்திருந்தான். தாயைப் பார்த்தான். அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் இரும்புக் கண்ணால் ராமச்சந்திரனின் இடது முழங்காலில் அடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் பத்தடி தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது. அவர் விழுந்தார். அதே காலில் மூன்று முறை அடித்தான். பிறகு கூட்டம் மொத்தமும் இறங்கியது. சப்பாத்துக் காலால் மிதித்தார்கள், கல்லால் அடித்தார்கள். பதினாறு வருடம் அவருடைய லொறியில் ஏறி இறங்கியவர்கள், அவருடைய கலியாணத்தில் சோறு தின்றவர்கள். மூன்று பல் போனது. ஒரு காது கிழிந்து தொங்கியது.

அவருடைய மனைவி மல்லிகாவும் பால் வெட்டுகிறவள்தான். அன்று கீழ் மலையில் இருந்தாள். ஓடி வந்து புருசன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவளை இழுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. யாரோ ஒரு கட்டையால் அவள் தோளில் அடித்தார்கள், காறை எலும்பு முறிந்தது. அப்போதும் அவள் எழும்பவில்லை. பொலிஸ் வந்துதான் இரண்டு பேரையும் பிரித்தெடுத்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். குடித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. அந்தக் காகிதம் நீதிமன்றக் கோப்புக்குள் போனது. லயத்துக்கு வரவில்லை.

நாலு மாதம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். இடது முழங்கால் மடங்காது, நடக்க ஊன்றுகோல் வேண்டும். வண்டி ஓட்டும் அனுமதிப்பத்திரத்தை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அவர் மேல் போட்ட வழக்கு முடியும்வரை வேலை இல்லை என்று தோட்டம் சொல்லிவிட்டது. சசி மேல் போட்ட வழக்கில் சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. ராமச்சந்திரனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "அவன் அம்மா செத்திருக்கா. அடிக்காம என்ன செய்வான்" என்று மட்டும் மல்லிகாவிடம் சொன்னார்.

லயத்துக் குழாயில் மல்லிகா தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் எலும்பு சரியாகப் பொருந்தாமலே மலைக்குத் திரும்பினாள். அவர் பகல் முழுக்க ஒற்றை அறையில் கிடந்தார். உள்ளே எதுவோ கெட்டுப்போகத் தொடங்கியது. சோற்றுத் தட்டை எறிந்தார். ஃபோனைச் சுவரில் அடித்துக் கண்ணாடியை உடைத்தார். விரல் முட்டிகள் பிளக்கும்வரை சுவரைக் குத்தினார். ஒருநாள் பிற்பகல், தேத்தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது என்று, மல்லிகாவின் முகத்தில் அறைந்தார்.

அவள் அழவில்லை. கூடையிலிருந்து பால் வெட்டும் கத்தியை எடுத்து வந்து அவர் முன்னால் நின்றாள். உதட்டில் இரத்தம் வடிந்தது.

"ஒங்களுக்காக நான் எலும்ப ஒடச்சிக்கிட்டேன். இன்னொரு தடவ கை நீண்டுச்சுனா, மரத்துப் பட்டைய சீவுற மாதிரி சீவிருவேன். சும்மா சொல்லல."

அவர் கத்தியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாளையிலருந்து நான் வேலைக்கு எறங்கும்போது நீங்களும் எறங்கணும். எங்க வேணாலும் போய் உக்காருங்க. பொழுது சாயத்தான் வீட்டுக்கு வரணும்."

அப்படித்தான் அவர் பஸ் ஏறி தெஹியோவிட்ட டவுனுக்குப் போனார். போக்கிடம் இல்லாமல், உடைந்த ஃபோனை எடுத்துக்கொண்டு றிஸாத்தின் கடைக்குள் நுழைந்தார்.

றிஸாத்துக்கு முப்பது வயது. ஃபோனும் கொம்பியூட்டரும் திருத்துகிற கடை. ஆள் இல்லாத நேரத்தில் அவர் விமானம் ஓட்டுகிற ஒரு கேமுக்காக வேலை செய்துகொண்டிருந்தார். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து அந்தக் கேமுக்குள் ஒரு விமான நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே தரையில் ஓடுகிற வாகனங்கள் இவர் பொறுப்பு. விமானத்துக்கு எண்ணெய் அடிக்கும் பவுசர், பெட்டி இழுக்கும் ட்ரக்டர், தீயணைப்பு வண்டி, சாப்பாடு ஏற்றும் லொறி.

ராமச்சந்திரன் வாங்குப் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் தானாகத் திரைக்குப் போனது. அதில் ஒரு பவுசர் நின்றது. அரை டயர் தார் பாதைக்குள் புதைந்திருந்தது. றிஸாத் ஏதோ தட்டினார், அது மேலே வந்தது. இப்போது டயருக்கும் பாதைக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது.

"நாலு நாளா இதோட மாரடிக்கிறன்" என்றார் றிஸாத், தனக்குத்தானே. "ஒண்டா மண்ணுக்குள்ள போகுது, இல்லாட்டி அந்தரத்துல நிக்கிது."

"தம்பி, உள்ள எண்ணெ இருக்கா?"

றிஸாத் திரும்பிப் பார்த்தார். "என்ன அண்ணே செல்றீங்க? இது படம்தானே."

"படமா இருந்தாலும் நெறஞ்ச வண்டியா வெறும் வண்டியான்னு ஒண்ணு இருக்குல்ல. நெறஞ்ச பவுசர்னா ஸ்பிரிங் இப்படியா நிமிந்து நிக்கும்? டயர் இப்படி முழு வட்டமாவா இருக்கும்? அடியில பெதுங்கி, பக்கத்துல புடைச்சிக்கிட்டு இருக்கணும். நீங்க முழு வட்டத்த அப்படியே தரையில வைக்கிறீங்க. சும்மா தொட்டுக்கிட்டு நிக்கிற மாதிரிதான் தெரியும். அமுக்கினா பொதஞ்ச மாதிரி தெரியும்."

றிஸாத் மேசையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். பிறகு கடையைச் சாத்தினார். இரண்டு பேரும் பெற்றோல் செட்டுக்குப் போனார்கள். எண்ணெய் இறக்க வந்திருந்த பவுசருக்குப் பக்கத்தில் ராமச்சந்திரன் மடங்காத காலை நீட்டியபடி தரையில் சரிந்து படுத்து, சில்லின் நடுவிலிருந்து தரைவரை நாடாவால் அளந்தார். எண்ணெய் இறக்கிய பிறகு திரும்ப அளந்தார். முன்னால் ஒரு அங்குலத்துக்கும் குறைவு, பின்னால் இரண்டரை அங்குல வித்தியாசம். டிரைவர் சிங்களத்தில், என்ன இழவுக்கு இதெல்லாம் என்று கேட்டார். ராமச்சந்திரனும் சிங்களத்திலேயே, பவுசரைப் படம் எடுக்கப் போகிறோம், அது அழகாக நிற்க வேண்டாமா என்றார். எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பகடி அது.

அடுத்த நாளிலிருந்து அவர் தினமும் வந்தார். றிஸாத் அவருக்கு வேலையைக் காட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு வாகனத்துக்கும் பூச்சியம் என்று ஒரு புள்ளி உண்டு. எல்லா அளவும் அங்கிருந்துதான். சில்லுகள் தரையைத் தொடும் இடங்கள் தனியாக ஒரு பட்டியலில் எண்களாக இருக்கும், சில்லுக்கு ஒரு வரி. எவ்வளவு முன்னால், எவ்வளவு பக்கவாட்டில், எவ்வளவு கீழே. எல்லாம் அடிக்கணக்கு. கால் அடி என்றால் புள்ளி இரண்டு ஐந்து. ராமச்சந்திரனுக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடாது. எண்கள் ஓடின.

இரண்டு கிழமை நன்றாகப் போனது. பிறகு சாப்பாட்டு லொறியின் முறை வந்தது.

றிஸாத் அதைப் பாதையில் இறக்கினார். லொறி துள்ளியது. ஒரு பக்கம் எகிறி, இடப் பக்கமாகச் சரிந்து, விழுந்து, சறுக்கிக்கொண்டு போனது. றிஸாத் சிரித்தார். அந்தக் கேமில் அது எப்போதும் நடப்பதுதான்.

ராமச்சந்திரன் ஊன்றுகோலை இரண்டு கையாலும் தூக்கித் திரையின் நடுவில் இறக்கினார். கண்ணாடி தெறித்தது. மறுபடி அடித்தார். மேசையில் இருந்த ஃபோன்கள் பறந்தன. வாயிலிருந்து வந்தது பேச்சு இல்லை, ஏதோ மிருகச் சத்தம். றிஸாத் பின்னால் இருந்து கட்டிப் பிடித்தார். அவருடைய முழங்கை றிஸாத்தின் மூக்கில் இடித்தது, இரத்தம் கொட்டியது. அந்தக் கோபத்தில் றிஸாத் அவரைச் சட்டையோடு இழுத்துப்போய் நடைபாதையில் தள்ளினார். காலை மடக்க முடியாதவர், மரக்கட்டை மாதிரி விழுந்தார்.

"போங்க! இந்தப் பக்கம் வரவேணாம்! பைத்தியமா உங்களுக்கு?"

பக்கத்துத் திரீவீல் ஆட்டோத் தரிப்பிடத்தில் இருந்த ஒருவன்தான் றிஸாத்துக்கு விசயத்தைச் சொன்னான். தோட்டத்தில் லொறி புரண்டது, பொம்பளை செத்தது, அடித்தது எல்லாம்.

மறுநாள் காலை ராமச்சந்திரன் வந்து கடைக்கு வெளியே படியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. வெயில் ஏறும்வரை றிஸாத் அவரைப் பார்க்கவே இல்லை. மூக்கில் பஞ்சு வைத்திருந்தார். மத்தியானத் தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் பேசினார்.

"உள்ள வாங்க. திரும்ப ஒடச்சீங்கண்டா உங்கட மத்தக் கால நானே ஒடப்பன்."

பழைய திரை ஒன்று மேசையில் இருந்தது. "அந்த லொறியத் தொடாம உடுவமா?" என்று கேட்டார் றிஸாத்.

"வேணாம். போடுங்க."

லொறி புரண்டது. ராமச்சந்திரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். புரண்டது. மெதுவாக ஓட விட முடியுமா என்று கேட்டார். அசைவு அசைவாகப் பார்த்தார். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஐந்தாவது முறையில் கையை நீட்டினார்.

"வலது முன் சில்ல மட்டும் தரை தூக்கி எறியுது. மத்த மூணும் சும்மா நிக்கிது. அந்த வரியக் காட்டுங்க."

மற்ற மூன்று வரியிலும் கீழ் அளவு மூன்று அடி. அந்த வரியில் நாலு. யாரோ எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தார்கள். அதனால் அந்தச் சில்லு ஒரு அடி மண்ணுக்குள் இருப்பதாகக் கேம் கணக்குப் போட்டு, அதை வெளியே எறிந்தது. திருத்தினார்கள். லொறியை இறக்கினார்கள். ஸ்பிரிங் ஒருமுறை குலுங்கியது, அவ்வளவுதான்.

றிஸாத் கை தட்டினார். ராமச்சந்திரன் வெளியே போய்ச் சாக்கடைக் கானில் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஒரு வருடத்தில் அவர் தொடாத வாகனம் இல்லை. வேறு நாட்டு ஆட்களும் தங்கள் வண்டிகளை அனுப்பினார்கள். தண்ணீர் நிறைந்த தீயணைப்பு வண்டி திரும்பும்போது எந்தப் பக்கம் சாயும், ஏணி தூக்கினால் எந்தச் சில்லில் பாரம் இறங்கும் என்பதெல்லாம் அவர் வாயால் சொல்ல, றிஸாத் எழுதி அனுப்பினார். மாதத்துக்கு ஒரு கூலியும் கொடுத்தார். வீட்டில் அவர் கை ஓங்கவில்லை. மல்லிகா ஆறு மாதம் கத்தியைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினாள்.

2025 ஜனவரியில் ஒரு பகல். கடைக்குள் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். சசி உள்ளே வந்தான். யாரோ தோட்டத்தில் போய்ச் சொல்லியிருந்தார்கள். திரையில் ஒரு லொறி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மாவக் கொன்னுபுட்டு இங்க லொறி ஓட்டி வெளையாடுறியாடா நாயே?"

இடுப்பிலிருந்து பால் வெட்டும் கத்தியை உருவினான். முதல் வெட்டு ராமச்சந்திரனின் முன்கையில் எலும்புவரை இறங்கியது. இரண்டாவது காற்றில் போனது. இந்த முறை அவர் கீழே கிடந்து வாங்கவில்லை. ஊன்றுகோலின் நுனியால் சசியின் வயிற்றில் குத்தினார். அவன் குனிந்தபோது அதே கோலால் மணிக்கட்டில் அடித்தார், கத்தி விழுந்தது. இரண்டு பேரும் கண்ணாடிப் பெட்டியை நொறுக்கிக்கொண்டு தரையில் விழுந்தார்கள். அவர் மேலே. மடங்காத காலை அவன் மார்புக்குக் குறுக்கே போட்டு, இரண்டு கையாலும் கழுத்தை அழுத்தினார். வெட்டுப்பட்ட கையின் இரத்தம் சசியின் வாய்க்குள் சொட்டியது. அவன் முகம் கருத்துக்கொண்டு வந்தது. கால் தரையில் உதைத்தது, பிறகு உதை தளர்ந்தது.

"அண்ணே விடுங்க! செத்திருவான்! விடுங்க!"

அவர் விடவில்லை. பின்னாளில் அவரே சொன்னார், விடும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்று. றிஸாத் மரக் கதிரையைத் தூக்கி அவர் முதுகில் அடித்து உடைத்தார். அப்போதுதான் பிடி கழன்றது. திரீவீல்காரர்கள் ஓடி வந்து இரண்டு பேரையும் இரண்டு சுவரில் சாய்த்து உட்காரவைத்தார்கள்.

சசி இருமினான். எச்சிலும் இரத்தமுமாகத் துப்பினான். மூச்சு திரும்பியதும் கேட்டான்.

"நீ அன்னைக்கிக் குடிச்சிருந்தியா இல்லையா?"

இருபது மாதமாக இந்தக் கேள்வியைத் தோட்டத்தில் ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

"இல்ல. பிரேக் போச்சி. காலைல கண்டாக்கையாகிட்டச் சொன்னேன். மெதுவா ஓட்டுன்னாரு."

"சத்தியமா?"

"ரத்தம் பாத்த காயிதம் கோட்டுல இருக்கு. போய்ப் பாரு."

சசி எழும்பிப் போனான். ராமச்சந்திரனின் கையில் பதினெட்டுத் தையல் போட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும், பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்கும்போது, சசி கண்டாக்கையாவை மோட்டார் சைக்கிளிலிருந்து இழுத்துப் போட்டான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. தடுக்க வந்த காவல்காரனையும் அடித்தான். பொலிஸ் வரும்வரை அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தான். எட்டு மாதம் சிறை.

லொறி வழக்கு அந்த ஆண்டு ஜூலையில் விசாரணைக்கு வந்தது. கண்டாக்கையா வளைந்த தாடையோடு வந்து, பிரேக் பற்றித் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். அதன் பிறகு நடந்ததை ராமச்சந்திரன் எதிர்பார்த்திருக்கவில்லை. அன்று லொறியிலிருந்து தூக்கி எறியப்பட்ட பெண்களில் இரண்டு பேர் சாட்சிக் கூண்டில் ஏறி, பெரட்டுக் களத்தில் டிரைவர் சொன்னதைக் காதால் கேட்டோம் என்றார்கள். அதுவரை வாயைத் திறக்காததற்குக் காரணம் கேட்டபோது ஒருத்தி, "எங்களுக்கும் வேல வேணும்ல சார்" என்றாள்.

நீதவான் ராமச்சந்திரனிடம் கடைசியாக ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

"பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சும் எடுத்தேங்க. சாவிய மேசையில வச்சிட்டுப் போயிருக்கணும். வேல போயிருமேன்னு பயந்தேன். ஆளுகள ஏத்தாமயாவது போயிருக்கலாம். அதையும் செய்யல."

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்தார். ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது, மூன்று வருடத்துக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. கண்டாக்கையா வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். அவர் மேல் வழக்கு எதுவும் இல்லை. தோட்டம் அதே லொறியைத் திருத்தி வேறு டிரைவரிடம் கொடுத்தது.

சசி வெளியே வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ராமச்சந்திரனின் வாசலில் வந்து நின்றான். மல்லிகா கதவுக்குப் பின்னால் கத்தியை எடுத்துக்கொண்டாள். அவன் கை இரண்டையும் விரித்துக் காட்டினான். வெறும் கை. கழுத்துக்குக் கீழே, கண்ணாடி கிழித்த தழும்பு வெளுத்துக் கிடந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா, பிரேக் சரியில்லன்னு?"

"தெரியும். நான் சொல்லும்போது பக்கத்துலதான் நின்னாங்க."

"அப்புறம் ஏன் ஏறுனாங்க?"

"மழ இருட்டிக்கிட்டு வந்துச்சு. நடந்தா ஒரு மணி நேரம். அவங்களுக்குக் கால் வீங்கியிருந்துச்சு. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும், சொல்லல."

சசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஏதாவது பேசுனாங்களா? கடைசியா?"

"பெடல் எறங்கினதும் நான் கத்துனேன். பின்னால அவங்க சத்தம்தான் மொதல்ல கேட்டுச்சு. 'கம்பியப் புடிச்சிக்கோங்கடி'ன்னாங்க. எல்லாருக்கும் சேத்துதான். அவங்க புடிச்சாங்களான்னு எனக்குத் தெரியல."

மல்லிகா கத்தியைக் கீழே வைத்தாள். உட்காரச் சொன்னாள். சசி உட்காரவில்லை. வந்த வழியே, மழைக்கு நனைந்த படிக்கட்டில் இறங்கி, மேல் லயத்துக்குப் போகும் பாதையில் திரும்பினான். ராமச்சந்திரன் அவன் மறையும்வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, தையல் போட்ட கை வலிக்கிறது, கொஞ்சம் எண்ணெய் சுடவைத்துத் தா என்று மல்லிகாவிடம் கேட்டார்.